மாப் பேணிக்குள் ஒரு இரும்புத் துண்டு

பால்மா வந்த பெரிய தகரப் பேணி அது. நான் பார்த்தபோது வண்ணம் உரிந்து, படத்திலிருந்த பசுவுக்குக் கொம்பு மட்டும் முழுசாக மிச்சமிருந்தது. நியூசிலாந்தில் அடைத்த பால்மா இலங்கையில் மன்னாருக்குப் போய், அங்கே ஒரு வீட்டில் தீர்ந்து, காலிப் பேணி கழுவிக் காயவைக்கப்பட்டு, அதில் வறுத்த அரிசிமா நிரப்பப்பட்டு, நான் குடியிருந்த வீட்டு அக்காவின் பெட்டியில் ஏறி மறுபடி நியூசிலாந்துக்கே வந்து சேர்ந்திருந்தது. ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரு சீருடைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, இது என்ன பொடி என்று கேட்டாராம். அக்கா பயத்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாயில் போட்டுக் காட்டினாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் மதுரைக்காரி. எனக்கு அது டப்பா. "டப்பா எண்டு சொல்லாதேயும், பேணி எண்டு சொல்லும்" என்று என்னைத் திருத்தியவரும் அவர்தான்.

வானொலியில் யாராவது துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி வாதாடினால் எனக்கு உடனே அந்தப் பேணிதான் கண்முன் வருகிறது. சட்டத்தை இறுக்கினால் சாவு குறையும் என்பார் ஒருவர். சட்டம் நல்லவனைத்தான் கட்டும், கெட்டவன் சட்டத்தைப் படித்துவிட்டா சுடுகிறான் என்பார் இன்னொருவர். இருவர் கையிலும் ஒரு வரைபடம் இருக்கும். வரைபடம் போடுவது எனக்கும் தெரியும். ஆக்லாந்து எல்லர்ஸ்லியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சாவுகளை வயதுவாரியாகக் கூட்டிக் கழிப்பதுதான் பல வருடங்களுக்கு என் பிழைப்பு. அதனாலேயே எனக்கு அந்த வாதங்களைக் கேட்டால் எரிச்சல் வரும். சட்டம் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்ததும் யாரைப் பார்த்து என்ன கேட்கிறது, கேட்கப்பட்டவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவளே நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆக்லாந்தின் தெற்கே பாபகூராவில் அக்கா வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். என் வீட்டுக்காரர் மதுரையில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். ரயிலேறி எல்லர்ஸ்லிக்குப் போவேன், இருட்டுவதற்குள் திரும்புவேன். சமையல் தனி என்று பேசி வந்தவளை ஒரு வாரத்துக்குள் அக்கா தன் மேசைக்கே இழுத்துக்கொண்டார். அவருக்கும் பிள்ளைகள் இல்லை. பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே கிழவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்துக் கற்றுக்கொண்ட ஆங்கிலம்தான் அவருடைய ஆங்கிலம். "எழும்புங்கோ, திரும்புங்கோ, வலிக்குதோ, நல்ல பிள்ளை" என்ற அளவுக்கு அதில் வார்த்தைகள் இருந்தன. அதற்கு வெளியே ஏதாவது பேசவேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்.

அவருடைய கணவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். அக்காவுக்குப் பல வருடம் முன்பே இங்கே வந்தவர். பென்ரோஸில் ஒரு இரும்புக் கிடங்கில் வேலை பார்த்தார். கிண்டல்காரர். என் மதுரைப் பேச்சைக் கேட்டு, "உங்கட ஆக்கள் கதைக்கிறதைக் கேட்டால் சண்டை பிடிக்கினமோ, சாப்பிடக் கூப்பிடினமோ எண்டு விளங்காது" என்பார். கிடங்கில் கூட வேலை பார்த்த நண்பர்களோடு மலைக்காட்டுக்கு வேட்டைக்குப் போவார். பன்றி கிடைக்கும், சில நேரம் மான். அந்தக் கறிக்கு அக்கா அரைக்கும் தூளின் வாசம் டெய்ரி என்கிற தெருமுனைச் சில்லறைக் கடை வரை போகும். துப்பாக்கியை எங்கள் ஊரில் சினிமாவில் பார்த்ததோடு சரி. இங்கே அது மண்வெட்டி மாதிரி கூடத்து அலமாரியில் நின்றது எனக்கு விசித்திரமாக இருந்தது. இந்த நாட்டுச் சட்டம் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை, அதைப் பிடிக்கிற ஆளைத்தான் பார்க்கிறது என்று அண்ணன் எனக்கு விளக்கினார். ஆள் நல்லவர் என்று ஒருமுறை போலீஸ் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயுளுக்கும் போதும், எத்தனை வைத்திருக்கிறாய், எது என்று யாரும் எண்ண வரமாட்டார்கள் என்றார். அவரிடம் இருந்தது ஒன்றுதான். அதற்கே அவர் காட்டிய பத்தியத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். வேட்டையிலிருந்து வந்ததும் அதன் பின்பக்கத்தில் கையால் இழுத்துத் தள்ளுகிற இரும்புப் பாகத்தை, போல்ட் என்பார்கள், கழற்றித் தனியே ஒரு சின்ன எஃகுப் பெட்டியில் பூட்டிவிடுவார். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய் என்பார்.

பிறகு கிடங்கில் ஆட்குறைப்பு வந்தது. அந்த வருடங்களில் பென்ரோஸில் அது எல்லா வீட்டுக்கும் வந்துபோன காய்ச்சல். அண்ணனோடு வேலை இழந்தவர்களில் சிலர் டாக்ஸி ஓட்டப் போனார்கள், சிலர் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார்கள். அண்ணன் வீட்டில் உட்கார்ந்தார். முதலில் தோட்டம் கொத்தினார், வேலிக்கு வண்ணம் அடித்தார். பிறகு எதுவும் செய்யவில்லை. கிண்டல் நின்றது. நான் வேண்டுமென்றே மதுரைத் தமிழை இன்னும் நீட்டிப் பேசிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். வேட்டை நண்பர்கள் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஆனால் போல்ட் இல்லாத துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைப்பது மட்டும் நிற்கவில்லை. அடுப்படியிலிருந்து பார்த்தால் கராஜ் வாசலில் அவர் முதுகும் அசைகிற முழங்கையும் தெரியும். வேட்டைக்கே போகாதவர் எதற்காகத் துடைக்கிறார் என்று அக்கா என்னிடம் கேட்கவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அக்கா புல் ஒட்டிய செருப்போடு சமையலறைக்குள் வந்தார். "இவர் எனக்கு லோன் மூவர் மெசின் பழக்கினவர். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போச்சு. நான் என்ன, புல்லு வெட்டுற வேலைக்கே போகப்போறன்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அண்ணன் தெருவோரம் மூடியைத் தூக்கித் தண்ணீரை எங்கே அடைப்பது என்று காட்டினாராம். அதற்கடுத்து ஃபியூஸ் போனால் எதைத் தட்டுவது என்று. பிறகு காரின் எண்ணெயை அளக்கும் கம்பி. வீட்டில் தன் கையால் மட்டுமே செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக அவர் அக்காவிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதையோ நான்காவதையோ சொல்லும்போது அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் வருகிற கோப்புகளில், தாங்களாகவே உயிரை விட்டவர்களைப் பற்றி மனைவிமார் பின்னால் நினைத்துப் பார்த்துச் சொல்கிற விஷயங்கள் இவைதான். எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி வைத்திருந்தார், எங்களுக்குத்தான் தெரியவில்லை என்பார்கள்.

டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றேன். அவர் வரமாட்டார் என்றார் அக்கா. அப்படியானால் போலீசிடம் சொல்லி அந்தத் துப்பாக்கியையாவது எடுத்துப்போகச் சொல்லலாம் என்றேன். அக்கா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார்.

"பொலிசிட்டப் போய் நான் என்னெண்டு சொல்றது தங்கச்சி? என்ர மனுசனை நானே காட்டிக் குடுக்கிறதோ?"

அந்தச் சொல்லின் கனம் எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. பிறகு அவரே சொன்னார். மன்னாரில் இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து ஆட்களை வெயிலில் வரிசையாக நிறுத்தும். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து முன்னால் உட்கார்த்துவார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் போனான். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். அக்காவின் தம்பி அப்படி ஒரு தலையாட்டலில் போனவன், திரும்பவில்லை. வீடு வீடாக வந்து துவக்கு, அதாவது துப்பாக்கி, இருக்கிறதா, துவக்கு வைத்திருக்கிறவன் யார் என்று கேட்பார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதில் ஒன்றுதான்: இல்லை, தெரியாது, கண்டதில்லை. அந்தப் பதிலைச் சரியாகச் சொன்ன வீடுகளில் ஆட்கள் பிழைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது போல அதையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

"இது அந்தப் போலீஸ் இல்லக்கா. இங்க அடிக்க மாட்டாங்க" என்றேன்.

"உடுப்புத்தான் வேற" என்றார். "கேள்வி ஒண்டுதானே."

ஆனால் அக்கா சும்மா இருக்கவில்லை. சில நாள் கழித்து என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, சுவர்த் தட்டிலிருந்த பால்மாப் பேணியை இறக்கி, மாவுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு துணிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். போல்ட். எஃகுப் பெட்டியின் சாவி மாதா படத்துக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியும். அண்ணன் டெய்ரிக்குப் பால் வாங்கப் போன நேரத்தில் எடுத்துவிட்டார். திரும்ப மாவுக்குள் புதைத்து மேலே தட்டிச் சமன் செய்தார். அண்ணன் பெட்டியைத் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். திறந்தால் என்னிடம் கேட்பார்தானே என்றார். கேட்டால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கேட்காதவரை அவர் திறக்கவில்லை என்று அர்த்தம். அக்கா கண்டுபிடித்த கணக்கு அது, அதைப் பிடித்துக்கொண்டு அவர் தூங்கினார். நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் புட்டுச் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு மாவுக்குள் கிடக்கிற இரும்புதான் நினைவுக்கு வந்தது. அக்கா மேல்மாவை மட்டும் கரண்டியால் வழிப்பார். பேணி குறையக் குறைய டப்பென்று மேலே புதுமாவைக் கொட்டி நிரப்பிவிடுவார். அண்ணன் சமையலறைக்குள் தண்ணீர் குடிக்க வந்தால் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். பேச்சை நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று உடனே ஏதாவது அசட்டுத்தனமாக ஆரம்பிப்போம். அவர் கேட்கவே இல்லை. நாள் போகப்போக அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்த நேரத்தில்தான் சட்டம் மாறியது. தென் தீவில் ஒரு சிறு கடலோர ஊரில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்தாரைச் சுட்டுத் தள்ளிய பிறகு நாடே ஆடிப்போயிருந்தது. ஆயுள் உரிமம் இனிக் கிடையாது, எல்லோரும் படம் ஒட்டிய புது உரிமத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், பூட்டி வைக்கிற இடத்தை அதிகாரி வந்து பார்ப்பார் என்றார்கள். இன்னொன்றும் இருந்தது. கூட வாழ்கிறவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள், வெளியாள் ஒருவரையும் கேட்பார்கள். எத்தனையோ பேர் விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டார்கள். அண்ணனும் விட்டுவிடுவார், அத்தோடு அந்தச் சனியன் தொலையும் என்று நானும் அக்காவும் எதிர்பார்த்தோம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கார் நிறுத்தத்தில் கோடு தாண்டி நிறுத்தாத மனிதர். முதல் ஆளாக விண்ணப்பித்தார். வெளியாளாக, மாதா கோவில் பாடகர் குழுவில் கூடப் பாடுகிறவரின் பெயரைக் கொடுத்தார். நம் ஆட்களிடம் யாராவது வந்து ஒருவரைப் பற்றி விசாரித்தால் கல்யாணத்துக்கு விசாரிக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே பதில் சொல்வார்கள். பாடகரும் தங்கமான மனுஷன், தண்ணி வெந்நி கிடையாது, ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டார் என்று சொல்லியனுப்பிவிட்டார். ஆகவே மிச்சமிருந்தது அக்கா ஒருவர்தான்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் காலையில் அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தட்டுகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்று போய்விட்டார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது எட்டவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த கவலையெல்லாம் வேறு. போல்ட்டைப் பெட்டியில் திரும்ப வைத்துவிடலாமா என்று அக்கா விடியற்காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தால் எல்லாம் சரியாக இருக்கும், உரிமம் கிடைத்துவிடும், ஆனால் அண்ணன் கைக்கெட்டும் பெட்டிக்குள் அது திரும்பி வந்திருக்கும். வைக்காவிட்டால் மாட்டிக்கொள்வோம். வைக்கக்கூடாது என்று நான் சொன்னேன். அவர் அதிகாரிக்கு வைக்க ரோல்ஸ் பொரித்துக்கொண்டே அழுதார்.

வந்தவர் சீருடையில் இல்லை. பருத்த உடம்பு, கம்பளிச் சட்டை, ஓய்வுபெற்ற வயது. வாசலில் செருப்புகளைப் பார்த்து அவரும் சப்பாத்தைக் கழற்றினார், ஒரு காலுறையில் ஓட்டை. அக்காவின் பயம் அந்த ஓட்டையைப் பார்த்துக் கொஞ்சம் குறைந்திருக்கவேண்டும், இன்னொரு ரோல்ஸ் வைத்தார். அதிகாரியானாலும் யாரானாலும் சாப்பிடாமல் அந்த வீட்டில் ஒரு வேலையும் தொடங்காது. அவர் அண்ணனோடு வேட்டையைப் பற்றிப் பேசினார், விண்ணப்பத்தில் எழுதியவற்றைச் சரிபார்த்தார். பிறகு, மன்னிக்கவேண்டும், உங்கள் மனைவியோடு தனியாகப் பேசவேண்டும், கொஞ்ச நேரம் வெளியே காற்றாட இருக்கிறீர்களா என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க இருக்கலாம் என்றார். அண்ணன் எழுந்து பின்பக்கம் போனார். சற்று நேரத்தில் புல்வெட்டும் மெஷினின் சத்தம் கேட்டது. சமையலறைச் சன்னல் திறந்திருந்தது. அதை எழுந்து மூடவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி நிதானமாகக் கேட்டார். கோபம் வந்தால் உங்கள் கணவர் என்ன செய்வார்? கோபம் வராது என்றார் அக்கா. குடிப்பாரா? இல்லை. சமீபத்தில் வீட்டில் ஏதாவது மாற்றம்? அக்கா என்னைப் பார்த்தார். வேலை போயிற்று, அவ்வளவுதான் என்றார். நான் அவ்வளவுதான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நேராக அக்காவைப் பார்த்து, இந்த வீட்டில் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்குப் பயம் இருக்கிறதா என்றார். நான் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கும் நேரம் வெளியே மெஷின் நின்றது.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோயிற்று. எனக்குத் தெரிந்த அக்கா அங்கே இல்லை. வெயிலில் வரிசையில் நிற்கிற ஒரு பெண் இருந்தார்.

"எங்கட வீட்டில துவக்கு இல்லை" என்றார் உரக்க. "நாங்கள் துவக்கைக் கண்டதே இல்லை."

அண்ணன் தன் கையாலேயே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார், கூடத்து அலமாரியைப் பார்க்கத்தான் இந்த மனிதர் வந்தே இருக்கிறார். அவர் காத்திருந்தார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். வேறு என்ன செய்வது? அவர் சிரிக்கவில்லை, அதட்டவில்லை. அக்காவின் கையை, மேசை விளிம்பைப் பற்றியிருந்த விரல்களைப் பார்த்தார். சரி, எல்லோரும் சேர்ந்தே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எழுந்தார்.

அண்ணன் உள்ளே வந்தார், முழங்கால்வரை புல் ஒட்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே அத்தனையும் கேட்டிருக்கும். யாரையும் பார்க்காமல் கூடத்து அலமாரியைத் திறந்தார். துப்பாக்கி சங்கிலியில் இருந்தது. அதிகாரி தலையசைத்துவிட்டு, போல்ட் எங்கே என்று கேட்டார். அண்ணன் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தார், எஃகுப் பெட்டியை இறக்கினார், அவரே திறந்து நீட்டினார். உள்ளே எண்ணெய்க் கறைபட்ட துணி ஒன்றுதான் இருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். நாங்கள் இருவரும் அண்ணனின் முகத்தைப் பார்த்தோம். கோபம் வரும், அதிர்ச்சி வரும், யார் எடுத்தது என்று கேட்பார் என்று பார்த்தோம்.

அவர் முகத்தில் துளிகூட வியப்பு இல்லை.

அவருக்கு முன்பே தெரியும். அந்தப் பெட்டியை அவர் திறந்திருக்கிறார். ஏதோ ஒரு நாள், நாங்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், சாவியை எடுத்து, பெட்டியை இறக்கி, அதற்குள் கையை விட்டிருக்கிறார். இல்லை என்று கண்டும் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் எதற்காகத் திறந்தீர்கள் என்ற கேள்வி வரும். அக்கா பிடித்துக்கொண்டு தூங்கிய கணக்கு அந்த இடத்தில் உடைந்தது. என் மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது. அவர் திரும்பிச் சமையலறைக்குப் போனார். தட்டிலிருந்து தகரம் இறங்கும் சத்தமும் மூடி திறக்கும் சத்தமும் கூடத்துக்குக் கேட்டன.

முழங்கைவரை மாவோடு வந்தார். பொட்டலத்தை அதிகாரியின் கையில் வைத்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதியோர் இல்லத்தில் கற்ற ஆங்கிலத்தில், தானே சொன்னார். நல்ல மனுஷர் என்றார். வருத்தமாக இருக்கிறார், நோயாளி என்றார். எடுத்துக்கொண்டு போங்கள், தயவுசெய்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். பிறகு தமிழில் அண்ணனிடம் ஒரே ஒரு வாக்கியம்.

"நான்தான் காட்டிக் குடுத்தனான்."

அதிகாரி கம்பளிச் சட்டையெல்லாம் மாவாக நின்றார். கொஞ்ச காலத்துக்கு இதை நான் பத்திரமாக வைத்திருக்கட்டுமா என்று அண்ணனைத்தான் கேட்டார், கட்டளையாகச் சொல்லவில்லை. அண்ணன் அக்காவின் மாவுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "ஓம்" என்று சம்மதித்தார், தமிழில்தான் சொன்னோம் என்பது தெரியாமலே. சங்கிலியைக் கழற்றி, தானே தூக்கிப் போய் அவருடைய காரில் வைத்தார். அதிகாரி போகும்போது ஒரு டாக்டரின் பெயரைச் சொல்லி, நாளைக்கே போங்கள், நான் தொலைபேசியில் சொல்லிவைக்கிறேன் என்றார். கார் போன பிறகு அண்ணன் பின்படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். புல் பாதி வெட்டி பாதி கிடந்தது. அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் உட்காரவில்லை. கையைக்கூடக் கழுவாமல் மெஷினிடம் போய், கயிற்றை இழுத்து இழுத்துக் கிளப்பி, மிச்சப் புல்லை வெட்டினார். அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கதைகளில் என்றால் அத்தோடு நல்லதாக முடிந்திருக்கும். அண்ணன் டாக்டரிடம் போனார், மாத்திரை சாப்பிட்டார், ஆனால் ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் முழுவதும் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படியோ விஷயம் வெளியே கசிந்தது. சொந்த மனுசனைப் பொலிசுக்குக் காட்டிக் குடுத்தவள் என்று பூசைக்குப் போன இடத்தில் காதில் விழும்படியே பேசினார்கள். அக்கா உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அவர்களைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. உங்கள் வாய்க்குத் தீனி போட அவர் விதவையாகியிருக்க வேண்டுமா என்று கேட்கவேண்டும் போலிருந்தது. அக்கா என் கையை அழுத்தி உட்காரவைத்தார். அவங்கள் சொல்றதில பிழையில்லை, காட்டிக் குடுத்தது உண்மைதானே என்றார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு மாலை நாங்கள் மூவரும் மேசையில் இருந்தோம். அண்ணன் புட்டைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி, திடீரென்று கேட்டார். "இஞ்சேர், மாப் பேணிக்குள்ள நான் தேடமாட்டன் எண்டு உமக்கு என்னெண்டு தெரியும்?"

அக்கா சற்றும் யோசிக்கவில்லை. "நீங்கள் எப்பயாவது புட்டவிச்சிருக்கிறியளே?"

முதலில் அண்ணனின் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு உண்மையாகவே அழுதார். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நான் பிறகு தனி வீடு பார்த்துப் போனேன், வீட்டுக்காரர் வந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்கள் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டு வளர்ந்தார்கள். அலுவலகத்தில் வருடாவருடம் சாவுகளைக் கூட்டினேன். எந்த வருடத்துப் பட்டியலிலும் அண்ணன் இல்லை. இல்லாத ஒருவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சட்டத்தால் பிழைத்தாரா, அக்காவால் பிழைத்தாரா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அக்கா போல்ட்டை எடுத்தபோது எந்தச் சட்டமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் சட்டம் அந்தப் பெரியவரைச் சப்பாத்தைக் கழற்றவைத்து உள்ளே அனுப்பியிராவிட்டால், அந்தக் கேள்வியை அக்காவிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். எத்தனை நாளைக்குத்தான் மாவுக்குள் மறைப்பது?

அக்கா போய்விட்டார். புற்றுநோய். கடைசி மாதங்களில் அவர் சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாவுக்கு எவ்வளவு சூட்டில் தண்ணீர், எப்போது கொத்துவது, தேங்காய்ப்பூ எத்தனை பிடி, சம்பலுக்கு உப்பு எப்போது. அண்ணன் ஒவ்வொரு நாளும் ஒன்று கற்றார். ஒருநாள் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தவர், அவ ஏன் பழக்கிறா எண்டு எனக்கு விளங்குது தங்கச்சி, நானும் ஒருக்கால் அவவுக்குப் பழக்கினனான்தானே என்றார். அக்காவுக்கும் அது அன்றைக்கே விளங்கியிருந்தது என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். வயதாகிவிட்டது, ஆனால் புல்லைத் தானே வெட்டுகிறார். சமையலறை வானொலியில் புதுத் துப்பாக்கிச் சட்டம் பற்றி இரண்டு பேர் வரைபடங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தட்டிலிருந்து பேணியை இறக்கினார். பசுவின் கொம்பும் இப்போது அழிந்துவிட்டது. மூடியைத் திறந்து, மேல்மாவை வழிக்காமல், முழங்கைவரை கையை உள்ளே விட்டு, அடித்தகரத்தை ஒரு சுற்றுத் தடவினார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறார் என்பதை அவர் மகன் முறையுள்ள ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"என்னண்ணே தேடுறீங்க?" என்றேன்.

வானொலிப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மாவுக் கையை வெளியே எடுத்து எனக்குக் காட்டினார்.

"எங்கட வீட்டில துவக்கு இல்லை" என்றார். பிறகு, கொதித்த தண்ணீர் ஆறிவிடப்போகிறதே என்று அடுப்புப் பக்கம் திரும்பினார்.